கியர் விழவில்லையா? முதலில் கிளட்சைப் பாருங்கள்

மஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் 1989இல் அறிமுகமானது. அதன் முதல் தலைமுறைக் கார்களை வைத்திருப்போர் பலரும் சொல்லும் குறை, கியர் விழ மறுக்கிறது என்பது. உடனே கியர் பெட்டியைக் கழற்றச் சொல்வோர் உண்டு. அது செலவு மிக்க வேலை. பல வேளைகளில் தேவையற்றதும்கூட.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராக மாற்றிப் பாருங்கள். எளிதாக விழுகிறதா? இனி இயந்திரத்தை முடுக்கி, கிளட்சை முழுதாக மிதித்து, சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். 'கரகர'வென்று ஒலித்தால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள்.

இக்காரில் கிளட்சை இயக்குவது திரவ அழுத்தம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து திரவம் குழாய்வழி சென்று, கியர் பெட்டியின் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைத் தள்ளும். இந்த ஸ்லேவ் சிலிண்டர்தான் வழக்கமான குற்றவாளி! அதன் ரப்பர் உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் சிலிண்டரை மாற்றி, குழாயிலுள்ள காற்றையும் வெளியேற்ற வேண்டும். இதற்கான பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. நம் நாட்டுப் புழுக்கத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இரண்டாம் கியர் மட்டும், அதுவும் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மட்டும் உரசினால் கதை வேறு. அது சுழல்வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையத்தின் தேய்மானமாக இருக்கலாம். கிளட்சை இருமுறை மிதித்து மாற்றும்போது உரசல் மறைந்தால் ஐயம் வலுக்கும். எண்ணெயை மாற்றிப் பாருங்கள்: 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், ஏறத்தாழ 2 லிட்டர். வடிகால் திருகைத் தொடுமுன் எண்ணெய் ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இறுகியிருந்தால், வடித்த பிறகு ஊற்ற வழியிராது.