‘சிக்’ என்றால் வாந்தி

பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பும் மக்களே, ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்த பெரிய வார்த்தைகள் உங்களைக் கைவிடாது. ஹைப்பர்டென்ஷன் அங்கேயும் ஹைப்பர்டென்ஷன்தான். காலை வாரிவிடுவது ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்ட சின்ன வார்த்தைகள். அங்கே வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. ராத்திரி இரண்டு தடவை ‘சிக்’ ஆனேன் என்று நோயாளி சொன்னால், இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறார். உடம்பு சரியில்லையாம் என்று எழுதிவிட்டு நகராதீர்கள். எவ்வளவு, என்ன நிறம், ரத்தம் கலந்திருந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆள் ‘ஆஃப் சிக்’ என்றால் வேலைக்கு லீவு போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

2. ‘புவர்லி’ நம் பாடப் புத்தகத்தில் இல்லாத வார்த்தை. யார்க்‌ஷர் பாட்டி ‘எ பிட் புவர்லி’ என்றால் சளி பிடித்திருக்கும். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவரில் ‘வெரி புவர்லி’ என்று ஒருவரைச் சொன்னால் அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்லும்போது யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். காதில் விழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டிலுக்குப் போய் நியூஸ் சார்ட்டைப் பாருங்கள். ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்த மதிப்பெண் முறை அது. மூச்சு, நாடி, பிரஷர் எல்லாம் சேர்த்துக் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசரம். ‘நாட் டூ பேட்’ என்ற பதிலையும் நம்பாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படிச் சொல்லும் முதியவர்கள் அங்கே ஏராளம். வலி பத்துக்கு எத்தனை என்று எண்ணாகக் கேளுங்கள்.

3. ‘ஃபிட்’ என்றால் ஆரோக்கியம், வலிப்பும் ஃபிட்தான். பிள்ளைக்கு ஃபிட் வந்தது என்று தாய் சொன்னால், அடம்பிடித்துக் கத்தியதைக்கூடச் சொல்லியிருக்கலாம். கைகால் வெட்டியதா, கண் மேலே போனதா, சிறுநீர் போனதா என்று விசாரியுங்கள். டாக்டர் தரும் ‘சிக் நோட்’ 2010-இலிருந்து ‘ஃபிட் நோட்’ ஆகிவிட்டது. வாலிபப் பையன்கள் உங்களைப் பார்த்து ஃபிட் என்றால் அது அழகைச் சொல்வது. காதில் விழாதது மாதிரி இருந்துவிடுங்கள்.

4. காலையில் ‘சர்ஜரி’க்குப் போய்வந்தேன் என்பவரிடம் தையலைத் தேடாதீர்கள். குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு அங்கே அதுதான் பெயர். எம்.பி.க்கள் தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்பதும் சர்ஜரிதான், கத்தி இல்லாமல்!

5. ‘வாட்டர்வொர்க்ஸ்’ எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டால், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கிறார்.

6. நம் ஊர்ச் சரக்கை விமானம் ஏறுமுன் இறக்கிவையுங்கள். ‘லூஸ் மோஷன்’ என்றால் விழிப்பார்கள், டயரியா என்று சொல்லுங்கள். ‘கிட்டினஸ்’ வேண்டாம், ‘டிஸ்ஸி’ போதும். மாத்திரைதான் ‘எக்ஸ்பயர்’ ஆகும், மனிதரை அப்படிச் சொல்லக்கூடாது. ‘டைடு’ என்று நேராகச் சொல்லுங்கள்.

7. எல்லாரையும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடாதீர்கள். அது அங்கே பதவி, வார்டையே நடத்துபவர். சம்பளப் படிநிலையில் நீங்கள் பேண்ட் 5 ஸ்டாஃப் நர்ஸ், அவர் பெரும்பாலும் பேண்ட் 7. அதே பதவியில் ஆண் இருந்தால் ‘சார்ஜ் நர்ஸ்’.

8. டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விடுவார், நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது நீங்கள். ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்றதும் இதயம் நிற்கப்போகிறது என்று அவர் வெலவெலத்திருப்பார். ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்திருக்கிறது, அதனால்தான் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். டெஸ்ட் ரிசல்ட் ‘பாசிடிவ்’ என்றால் நல்ல சேதி என்று நினைப்பவர்கள் இங்கிலாந்திலும் உண்டு. ‘ஆக்யூட்’ என்று டாக்டர் சொல்வது திடீரென்று வந்ததை. கேட்பவர் கடுமையானது என்று எடுத்துக்கொள்வார். ‘க்ரானிக்’ டாக்டருக்கு நாள்பட்டது. நோயாளி வாயில் அதுவே ‘தாங்க முடியலை’ ஆகிவிடும். ‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.