‘அந்த நாள்’: கதையும் திரைப்படமும்

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் பன்முறை படித்தோர், சிங்கியைத் தேடி அலையும் சிங்கன் முடிவில் அவளைக் காண்பான் என்பதை முன்னரே அறிவர். ஆயினும் அவர்க்குச் சுவை குன்றுவதில்லை. மர்மக் கதையோ முடிவை மறைத்து வைத்தே நம்மை ஈர்ப்பது. முடிவு தெரிந்த பின்னும் அது சுவைக்குமா? இதனை ஒரு சான்று கொண்டு ஆராய்வோம்.

சப்பானிய எழுத்தாளர் அகுதாகவா, ‘தோப்புக்குள்’ என்று பொருள்படும் சிறுகதையொன்றை 1922இல் வெளியிட்டார். தோப்பில் ஒருவன் இறந்து கிடக்கிறான். எழுவர் வாக்குமூலம் தருகின்றனர். கள்வன், ‘நானே கொன்றேன்’ என்கிறான். இறந்தவன் மனைவியும் அவ்வாறே கூறுகிறாள். இறந்தவனது ஆவியோ, தன்னைத் தானே மாய்த்துக்கொண்டதாக உரைக்கிறது. உண்மை யாதென ஆசிரியர் கூறாமலே விடுகிறார். குரோசாவா இக்கதையை 1950இல் ‘ராஷோமோன்’ என்னும் படமாக்கியபோது, விறகுவெட்டி நேரிற்கண்ட வரலாறொன்றையும், கைவிடப்பட்ட குழந்தையை அவன் ஏற்கும் முடிவையும் புதிதாகச் சேர்த்தார்.

அப்படத்தால் ஊக்கமுற்ற எஸ். பாலசந்தர் இயக்க, ஏவி.எம். நிறுவனத்தார் 1954இல் வெளியிட்டதே ‘அந்த நாள்’. கதை வசனம் ஜாவர் சீதாராமன். பாட்டும் நடனமும் இதில் இல்லை. 1943இல் சப்பானியர் சென்னையில் குண்டு வீசியதற்கு மறுநாள், வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான்.

கதைக்கும் தமிழ்ப் படத்திற்கும் உள்ள வேற்றுமைகள் இரண்டு. கதையில் மூவர் கொலைப்பழியைத் தாமே ஏற்கின்றனர்; தம்மைப் பற்றித் தாம் கொண்ட பெருமிதமே அவர்க்குப் பெரிது. படத்திலோ ஒருவர் மற்றொருவர்மேல் பழியைச் சுமத்துகின்றனர். வீட்டுப் பூசலும் பொறாமையும் அவர் வாய்மொழியில் வெளிப்படுகின்றன. அடுத்து, கதையில் உண்மை மறைந்தே போகிறது. படத்தில் அது வெளிப்படுகிறது. சுட்டவள் மனைவி உஷா. தன் கண்டுபிடிப்பை அரசாங்கம் மதியாமையால் மனம் கசந்த ராஜன் பகைவர்க்கு ஒற்றனானான். அவனைத் தடுக்கவே அவள் துப்பாக்கியை நீட்டினாள், குண்டு பாய்ந்தது.

உண்மை வெளிப்பட்டதால் படம் ஆழம் குன்றியது என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ‘கொன்றவர் யார்?’ என்னும் வினா முடிந்ததும், ‘அவள் செய்தது தகுமா?’ என்னும் வினா எழுகிறது. கணவனா, நாடா என்று அவள் பட்ட துன்பத்தை எந்தத் துப்பறிவாளராலும் தீர்த்தல் இயலாது. ராஜனையும் முற்றிலும் வெறுக்க நம்மால் இயலவில்லை. ஆகவே, முடிவறிந்து மறுமுறை காணும்போது, முன்னர்க் குற்றவாளியைத் தேடிய நம் கண்கள் உஷாவின் முகத்தையே நோக்கி நிற்கும்.

மாணவ நண்பர்கள் கதையை ஒருமுறையேனும் படிப்பாராக. படத்தை இருமுறை காண்பாராக.