கையில் தழும்பு, மூளைக்குக் காவல்

நம்மில் பலருடைய இடக்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு தழும்பு உண்டு. குழந்தையாய் இருந்தபோது நமக்குப் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம் அது. காசநோய் நுரையீரலைத் தாக்கும் என்பதை நாம் அறிவோம். அது குழந்தைகளின் மூளையையும் தாக்கக்கூடும் என்பதை அறிந்தவர் சிலரே.

காசநோய்க் கிருமியை 1882-ஆம் ஆண்டு ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். நோயுள்ள பெரியவர் இருமும்போது அக்கிருமி காற்றில் பரவுகிறது. அதைச் சுவாசிக்கும் குழந்தையின் நுரையீரலில் தங்குகிறது. அரிதாகச் சில குழந்தைகளுக்கு அது இரத்தத்தின் வழியே சென்று, மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகளைத் தாக்குகிறது. இதுவே காசநோய் மூளைக்காய்ச்சல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

இந்நோய் திருடனைப் போல் மெல்ல நுழையும். முதல் ஓரிரு வாரங்கள் இலேசான காய்ச்சல், பசியின்மை, வாந்தி, ஓயாத சிணுங்கல் ஆகியவையே தெரியும். பல் முளைக்கிறது என்றும் கண் திருஷ்டி என்றும் வீட்டார் இருந்துவிடுவர். பின்னர் வலிப்பு, மாறுகண், மயக்கம் தோன்றும். அதன்பின் உயிர் பிழைத்தாலும் பார்வையோ, செவிப்புலனோ, கைகால்களின் இயக்கமோ கெட்டுவிடலாம். முதுகுத்தண்டு நீரைச் சோதித்து மருத்துவர்கள் நோயை அறிகின்றனர். பல மாதங்கள் இடைவிடாமல் மருந்து கொடுக்க வேண்டும்.

பிரான்சு நாட்டின் கால்மெட், கெரான் ஆகிய இருவரும் 13 ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய பி.சி.ஜி. மருந்து, 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டில் 1948-இல் சென்னை கிண்டியில் அதைத் தயாரிக்கும் ஆய்வகம் அமைந்தது. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டியது. ஆயினும் பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சலிலிருந்து பெரிதும் காப்பதால், பிறந்தவுடன் அதைப் போடுகின்றனர்.

ஊசி மட்டும் போதுமா? போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் பெரியவர் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் உறுதியானால் அவ்வீட்டுக் குழந்தைகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோய் இல்லாவிடினும் தடுப்பு மாத்திரை உண்டு. அரசு மருத்துவமனைகளில் இவை யாவும் இலவசம்.

தோழியரே! தாத்தாவின் இருமலை வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி நம் வீட்டாரிடம் எடுத்துச் சொல்வோம். தொட்டிலில் உறங்கும் தம்பி தங்கையர்க்கு நாம் செய்யும் பேருதவி அதுவன்றோ!