ஊரறியாப் பிள்ளைக்கு ஊர்ப்பாடம்

ஆசிரியர்காள்! ஊரென்பது யாதென்று மாணாக்கர்க்குப் போதிக்குமுன் சரவணையை நினைமின். வேலணைத் தீவிலுள்ள இவ்வூரார் பலர், 1990-ஆம் ஆண்டு ஆவணி மாதத்துப் போரினால் கடல் கடந்து யாழ்ப்பாணம் புகுந்தனர். அங்கே "தீவார்" எனப்பட்டனர். 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோது, வன்னி சேர்ந்தோர் அங்கே "யாழ்ப்பாணத்தார்" ஆயினர். பின்னர் ஊர் மீண்டோருடைய பிள்ளைகளோ, தம் பனங்காணியின் எல்லையும் அறியாது, சொந்த ஊரிலே "வந்தவர்" போல நின்றனர்.

இம்மூன்று பெயரும் பிறர் இட்டவை. ஆதலின், "நீ எவ்வூரான்?" என்று வகுப்பில் எல்லார் முன்னும் வினவாதொழிக. "உன் பாட்டி நீர் மொண்ட கிணறு எது? இன்று நீ மொள்ளுங் கிணறு எது?" என இரண்டையும் கேட்டு எழுதுவிக்க. இரண்டுந் தன்னுடையவே என்று எழுதத் துணியும் பிள்ளைக்கு அயலூர் என்னும் அச்சம் மெல்ல நீங்கும்.