குட்டித் தீவின் சுயாட்சி

கேள்வி: சில ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு தீவு தன்னைத்தானே ஆண்டுகொள்ள முடியுமா?

பதில்: முடியும். தென் பசிபிக்கில் உள்ள நியுவே அதற்குச் சான்று. கடலிலிருந்து மேலெழும்பிய பவளப்பாறைத் தீவு அது. பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிவிடுவதால் ஆறுகளே கிடையாது. மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு.

1974 முதல் அங்கே சுயாட்சி நடக்கிறது. 20 உறுப்பினர் சட்டமன்றத்துக்கு 14 கிராமங்கள் தலா ஒருவரை அனுப்புகின்றன. மீதி 6 பேரைத் தீவு முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. பாதுகாப்புப் பொறுப்பு நியூசிலாந்துடையது. நியுவே மக்களுக்கு அந்நாட்டுக் குடியுரிமையும் உண்டு. அதனால் தீவில் இருப்போரைவிடப் பல மடங்கு பேர் நியூசிலாந்தில் குடியேறிவிட்டார்கள்.

சட்டமன்றம் மட்டும் போதாது. இளைஞர்களுக்கு ஊரிலேயே பிழைப்பு இருந்தால்தான் சுயாட்சி நிலைக்கும்.