நெஞ்சுச் சோதனைக்குத் தேதி கிடைத்துவிட்டதா? அதுவரை மனத்தை எப்படி வைத்திருப்பது?



மேட்டில் ஏறிப் பால் வெட்டும்போது மூச்சு வாங்குகிறது. செம்பனைக் குலையைத் தூக்கும்போது நெஞ்சை அடைக்கிறது. கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுக்கிறார். அங்கே சோதனைக்குத் தேதி போட்டுக் கொடுக்கிறார்கள். சிலருக்கு அது சில வாரங்களில் வரும். சிலருக்கு மாதக் கணக்கில் ஆகும். அந்தக் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்த நாளிலிருந்து பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா புள்ளைங்க கதி என்ன?" என்ற ஒரே நினைப்பு. இந்தக் காத்திருக்கும் நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

தேதி கொடுத்ததன் பொருள்

தேதி தள்ளிக் கிடைத்தால், "நம்மைக் கண்டுகொள்ளவில்லை" என்று எண்ண வேண்டாம். உங்கள் பேச்சு, ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தச் சோதனை எல்லாவற்றையும் பார்த்துத்தான் யாருக்கு அவசரம், யார் காத்திருக்கலாம் என்று டாக்டர்கள் பிரிக்கிறார்கள். உடனே கவனிக்க வேண்டியவரை அன்றே வார்டில் சேர்ப்பார்கள். வீட்டுக்கு அனுப்பினால், அன்று பார்த்த நிலையில் நீங்கள் காத்திருக்கலாம் என்று கருதியிருக்கிறார்கள்.

"அன்று பார்த்த நிலையில்" என்பதை மட்டும் மறக்காதீர்கள். உடம்பின் நிலை மாறினால் தேதியும் மாற வேண்டும். முன்பு மேடு ஏறினால் மட்டும் வந்த வலி இப்போது சமதரையில் நடந்தாலே வருகிறதா? அடிக்கடி வருகிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? கால் வீங்குகிறதா? கார்டில் உள்ள தேதிக்குக் காத்திராமல் அன்றே கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள்.

ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சில் கல்லை வைத்தது போல அழுத்தம், அது இடது கை, தோள், கழுத்து, தாடைக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம். ஓய்வாக இருக்கும்போது இவை வந்தாலோ, உட்கார்ந்து சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ உடனே 999 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் பெரிய வலி இல்லாமலே, மேல் வயிற்று வேதனை, வாந்தி, சோர்வு, மூச்சு வாங்குதல் என்று மட்டும் வரலாம்.

"காத்து புடிச்சிருக்கு, தைலம் தேய்ச்சா சரியாயிடும்" என்று விடியும்வரை பார்த்திருப்பது நம் லயங்களில் பழைய பழக்கம். அந்தப் பழக்கம் உயிரைக் குடிக்கும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை டாக்டர் கொடுத்திருந்தால், உட்கார்ந்துகொண்டு ஒன்றை வையுங்கள். 5 நிமிடத்தில் வலி போகாவிட்டால் 999. மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்.

பயம் உடம்பில் என்ன செய்கிறது?

ரப்பர் நிரையில் திடீரென்று நாகத்தைக் கண்டால் என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது. உடம்பில் அட்ரினலின் என்னும் சுரப்பு ஓடி, தப்பி ஓடுவதற்கு நம்மைத் தயார் செய்கிறது. பாம்பு போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால், "என் நெஞ்சு நின்றுவிடுமோ" என்ற எண்ணமும் ஒரு பாம்புதான். அது மனத்துக்குள் இருப்பதால் போக மாட்டேன் என்கிறது.

பயத்தில் வேக வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல்களும் உதட்டைச் சுற்றியும் மரத்துப் போகும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். அதைக் கண்டு பயம் இன்னும் கூடும். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொள்ளும். இது பொய் நோய் அல்ல, நடிப்பும் அல்ல. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும். ஆனால் இது பயமா, நெஞ்சு வலியா என்று சந்தேகம் வந்தால் அதை நெஞ்சு வலி என்றே வைத்து உதவி கூப்பிடுங்கள். பயம் என்று தெரிந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

படபடப்பு வரும்போது செய்ய வேண்டியவை

1. உட்காருங்கள். கையை வயிற்றின் மேல் வையுங்கள். 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். 5 நிமிடம் செய்யுங்கள். பைக்குள் முகத்தை வைத்து மூச்சு விடும் பழைய முறை நெஞ்சு நோய்க்காரருக்கு ஆபத்து, வேண்டாம்.

2. நாள் முழுவதும் நாடி பிடித்துப் பார்க்காதீர்கள். பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடும்.

3. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி, வலி எப்போது வந்தது, என்ன வேலை செய்தபோது வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

4. "ரெண்டு கிளாஸ் போட்டா தூக்கம் வரும்" என்று சம்சுவைத் தேடாதீர்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். நெஞ்சுத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். சிகரெட்டும் அப்படியே. மாலைக்குப் பிறகு கோப்பி வேண்டாம். அடுத்த வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

5. டாக்டர் கொடுத்த மருந்தை ஒருநாளும் விடாதீர்கள். கோயிலில் நேர்த்திக்கடன் வைப்பது மனத்துக்குத் தெம்பு. அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சோதனை என்றால் என்ன?

தெரியாததுதான் அதிகம் பயமுறுத்தும். இசிஜியில் நெஞ்சிலும் கை கால்களிலும் ஒட்டும் கம்பிகள் உடம்புக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை. நெஞ்சின் மின் ஓட்டத்தை எழுதிக்கொள்வது மட்டுமே அவற்றின் வேலை. எக்கோ என்பது கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் போன்றது; வலி இல்லை. டிரெட்மில்லில் ஓடும் பட்டையின் மேல் நடக்கச் சொல்வார்கள். சாதாரணமாக 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். பக்கத்தில் ஆள் இருப்பார்; முடியவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், நிறுத்துவார்கள். ஆஞ்சியோகிராமில் மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள்.

சாப்பிடாமல் வர வேண்டுமா, காலை மாத்திரை, நீரிழிவு மாத்திரை எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையும் சம்பளமும்

பாதிப் பயம் சம்பளத்தைப் பற்றியது. சோதனை முடியும்வரை குலை தூக்கலாமா, மேடு ஏறலாமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இலகுவான வேலை தேவை என்றால் கடிதம் வாங்கி, நிர்வாகத்துக்கும் தோட்டக் கமிட்டிக்கும் காட்டுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு ஆண்டுக்கு, 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. டாக்டரின் எம்.சி. வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஒருநாள் சம்பளத்துக்குப் பயந்து சோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக நேரலாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

அவர் நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தால், "ஒன்னும் இல்ல, பேசாம படுங்க" என்று சொல்லாதீர்கள். "என்னங்க செய்யுது? நெஞ்சு வலிக்குதா, இல்ல மனசு கெடந்து அடிச்சுக்குதா?" என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். "அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு" என்று இறந்தவர் கதையைக் கொண்டு வரும் விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துங்கள். சோதனை நாளன்று துணைக்கு ஒருவர் போங்கள். டாக்டர் சொல்வதை இரண்டு காதுகளைவிட நான்கு காதுகள் நன்றாகக் கேட்கும்.

நோயை மறைக்கிற ஆண்களும், "எனக்கென்ன, நீங்க சாப்பிடுங்க" என்று தள்ளிப் போடுகிற அம்மாக்களும் நம்மிடையே நிறைய. அப்படி மறைக்காதீர்கள். பல நாளாகத் தூக்கமில்லை, அழுகை வருகிறது, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பயப்படுவது வெட்கமல்ல. பயந்து சோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் நட்டம். கார்டில் உள்ள தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். அந்த நாளில் கட்டாயம் போங்கள்.