பிக்கப்பைத் தூக்கும் முன் ஒரு பேப்பர், பேனா எடுங்க!

சேறு தெறிக்க மலையேறும் பிக்கப் ரீல்ஸ் உங்க போன்லயும் வந்திருக்கும். பார்த்ததும், "நம்ம வீட்டு வண்டியையும் ரெண்டு இஞ்ச் தூக்கி, பெரிய டயர் போட்டா என்ன?"ன்னு தோணும். தோணுறது தப்பில்ல. ஆனா கையில பணம் கம்மின்னா, எதை முதல்ல வாங்கணும், எதை வாங்கவே கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும். அதுக்கு நாம செகண்ட் இயர்ல படிச்ச மெக்கானிக்ஸே போதும்.

1. லிஃப்ட் எதைத் தூக்குது?

பெரும்பாலான பிக்கப்களில் பின்பக்கம் ஒரே உருளையான அச்சு, அதன் மேல் லீஃப் ஸ்பிரிங். அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல்தான் பாறையில் முதலில் இடிக்கும் பகுதி. சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டால் சேஸிஸும் பாடியும் மேலே போகும். டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும்! அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயரின் ஆரம் மட்டும்தான்.

அப்போ லிஃப்ட் எதுக்கு? பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுற்ற இடம் தர. கூடவே, மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காமல் இருக்க. பாடி லிஃப்ட்னு இன்னொண்ணு இருக்கு. அது சேஸிஸுக்கும் கேபினுக்கும் நடுவில் கட்டை வைப்பது. அதில் சேஸிஸ்கூட உயராது.

ஆக, முதல் பாடம்: டயர்தான் தேவை. லிஃப்ட் அந்த டயருக்கு இடம் தரும் செலவு.

2. டயர் கணக்கு

2016-இல் இந்தியாவுக்கு வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸை எடுத்துக்குவோம். அதன் டயர் 245/70 ஆர்16. அகலம் 245 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 இஞ்ச்.

விட்டம் = 406.4 + 2 × (245 × 0.70) = 749.4 மி.மீ.

இப்போ இரண்டு மாற்று டயர்களைப் பாருங்க:

- 245/75 ஆர்16: விட்டம் 773.9 மி.மீ. 3.3 சதவீதம் அதிகம். அச்சு உயர்வது 12 மி.மீ.
- 265/75 ஆர்16: விட்டம் 803.9 மி.மீ. 7.3 சதவீதம் அதிகம். அச்சு உயர்வது 27 மி.மீ.

ரெண்டாவது டயருக்குப் பெரும்பாலும் லிஃப்ட் வேணும். அவ்வளவு செலவு பண்ணியும் டிஃபரென்ஷியலுக்குக் கீழே கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு கட்டைவிரல் அகலம்!

3. அந்த 7 சதவீதம் எங்கெல்லாம் போய் நிக்குது?

*வேகம்:* ஸ்பீடோமீட்டர் பழைய டயரை நம்பியே கணக்குப் போடும். பழைய டயரில் 80-க்கு ஓடியிருக்க வேண்டிய இடத்தில் வண்டி இப்போ 85.8-ல் ஓடும்.

*இழுவை:* இஞ்சின் தரும் டார்க் அதே. ஆரம் கூடினால் தரையில் கிடைக்கும் விசை 6.8 சதவீதம் குறையும். மேட்டில் அடிக்கடி கியர் இறக்க வேண்டி வரும்.

*பிரேக்:* இதே கணக்குதான். பெடலை அதே அளவு மிதித்தால் தரையில் கிடைக்கும் பிரேக் விசையும் 6.8 சதவீதம் குறையும். புது டயர் எடையும் கூட என்பதால் அதன் சுழற்சி நிலைமத்தையும் சேர்த்தே நிறுத்தணும்.

*கவிழும் அபாயம்:* இதுதான் முக்கியம். நிலைப்புக் காரணி = சக்கரங்களின் இடைவெளி ÷ (2 × ஈர்ப்பு மையத்தின் உயரம்). கணக்குக்காக இடைவெளி 1.57 மீ., ஈர்ப்பு மையம் 0.70 மீ.ன்னு வைங்க. காரணி 1.12 வரும். 50 மி.மீ. லிஃப்ட், 27 மி.மீ. டயர் சேர்ந்தால் 1.01 ஆகும். பத்து சதவீதம் போச்சு! (அச்சும் சக்கரமும் லிஃப்டால் உயராது என்பதால் நிஜ இழப்பு கொஞ்சம் குறைவு.) 245/75 டயரை மட்டும் மாற்றினால் 1.10. இழப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. ஊட்டி, கொல்லிமலை வளைவுகளில் லோடோட இறங்குறவங்களுக்கு இந்த வித்தியாசம் சும்மா நம்பர் இல்ல.

4. மலிவான லிஃப்ட், மறைவான பில்

*பின்பக்க பிளாக்:* அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை. விலை குறைவு. ஆனா அச்சின் முறுக்கம் ஸ்பிரிங்கை வளைக்கும் நெம்புகோல் நீளம் கூடும். நீளமான புது யூ-போல்ட் கட்டாயம். ஒண்ணு மேல ஒண்ணா பிளாக் அடுக்கவே கூடாது.

*கூடுதல் பட்டை:* இருக்கிற லீஃப் ஸ்பிரிங்கோடு இன்னொரு பட்டை சேர்ப்பது. பிளாக்கைவிட உறுதி. காலி வண்டியில் கொஞ்சம் குதிக்கும்.

*முன்பக்க ஸ்பேசர்:* பாஹா டீம்ல இருக்கிறவங்களுக்கு மோஷன் ரேஷியோ தெரியும். ஸ்பிரிங்கின் கீழ்முனை கீழ் ஆர்மின் நடுவில் இருந்தால் விகிதம் 0.5. மேலே 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் முன்பக்கம் 50 மி.மீ. உயரும். கேக்க நல்லா இருக்கு. ஆனா பால் ஜாயிண்டும், 4×4 வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்டும் எப்பவும் சாய்ந்த கோணத்திலேயே வேலை செய்யும். ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும்.

இதுக்கு அப்புறம் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் அட்ஜஸ்ட்மென்ட், சக்கரம் முழுசா தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு செக் பண்றது எல்லாம் இருக்கு. கிட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீங்க.

5. சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியும் இதுவாக இருக்கலாம். அப்பா பேர்ல இருக்கிற வண்டின்னா பதில் சொல்லப்போறது அவர்தான்.

6. அப்போ பணத்தை எதில் போடலாம்?

1. அதே சைஸில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர். சேற்றில் வண்டி நிற்பது பெரும்பாலும் உயரம் பத்தாமல் இல்ல, பிடிப்பு பத்தாமல்தான்.
2. காற்றழுத்தமானியும் சின்ன கம்ப்ரெஸ்ஸரும். சேறு, மணலில் காற்றைக் குறைத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு கூடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம ஏத்திடுங்க.
3. இன்னும் உயரம் வேணும்னா ஒரே ஒரு படி பெரிய டயர். அந்த மாடலுக்குக் கம்பெனி அனுமதித்த சைஸ்களை முதலில் டீலரிடம் கேளுங்க. லோட் இன்டெக்ஸ் பழையதைவிடக் குறையக் கூடாது. பழைய டயர் வாங்கினால் பக்கச்சுவரின் நாலு இலக்க எண்ணைப் பாருங்க. 2321-ன்னா 2021-ன் 23-வது வாரம் தயாரானது.
4. லிஃப்ட் கடைசியில்தான். அதுவும் பொது ரோட்டுக்கு வராத, தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு.

வீட்டுப்பாடம்: உங்க வீட்டு வண்டியின் டயர் சைஸைப் படிங்க. விட்டம் கண்டுபிடிங்க. அடுத்த சைஸுக்கு வேகம், பிரேக் விசை, நிலைப்புக் காரணி மூணும் எவ்வளவு மாறுதுன்னு போட்டுப் பாருங்க. அந்த மூணு நம்பரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு ரீல்ஸை மறுபடி பாருங்க. ஆசை அப்படியே இருந்தா, குறைஞ்சது அதோட விலையாவது உங்களுக்குத் தெரியும்.